ஆபிங்டன் காரும் ஆடாத முள்ளும்!

ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து தெற்கே சுமார் 10 கிலோமீட்டர் போனால், தேம்ஸ் நதிக்கரையில் ஆபிங்டன் என்ற அமைதியான ஊர் வரும். அரச குடும்பத்தில் விசேஷம் என்றால் இங்கே கவுன்டி ஹால் கட்டடத்தின் கூரையில் நின்று கூட்டத்தை நோக்கி பன்களை வீசுவார்கள். நிஜமாகவே பன்தான்!

அதே கட்டடத்தில் இப்போது மியூசியம். அங்கே மாடியில் ஒரு கார் நிற்கிறது. எம்ஜிபி. 1929 முதல் 1980 வரை எம்ஜி கார்கள் தயாரானது இந்த ஊரில்தான். 1962-ல் வந்த எம்ஜிபி மட்டும் 5 லட்சத்துக்கும் மேல் விற்றது. தொழிற்சாலை மூடி 40 வருஷம் தாண்டிவிட்டது. ஆனால், இங்கிலாந்தின் வீட்டு கராஜ்களில் இந்த கார்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமையானால் யாராவது ஒருவர் டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகக் கிடப்பார். காரணம், ஏதோ ஒரு மீட்டரின் முள் நின்றிருக்கும்.

அந்த வட்ட மீட்டர்களில் 'ஸ்மித்ஸ்' என்ற பெயர் இருக்கும். லண்டனில் கடிகாரக் கடையாகத் தொடங்கிய நிறுவனம் அது. மீட்டரைப் பார்த்தாலே கடிகார ஜாடை தெரியும்.

கழற்றுவதற்கு முன் பேட்டரி இணைப்பை எடுத்துவிட வேண்டும். பழைய எம்ஜிபி-யில் சீட்டுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் ஒளிந்திருக்கும். 1960-களின் பெரும்பகுதியில் வந்த கார்களில் பாசிட்டிவ்தான் எர்த்! இது தெரியாமல் புது எலெக்ட்ரானிக் மீட்டரை மாட்டினால் புகைதான் வரும்.

மீட்டரைப் பிடித்திருப்பது பின்பக்கம் ஒரு பிராக்கெட்டும், விரலால் திருகும் சின்ன நட்டுகளும். கஷ்டமான வேலை இல்லை, கை நுழைவதுதான் கஷ்டம். கைக்கு எலும்பே இல்லாமல் இருந்தால் நல்லது! ஒயர்களைப் பிடுங்கும் முன் மொபைலில் நாலு போட்டோ எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

உண்மையான பயம் ஆயில் பிரஷரும் தண்ணீர் சூடும் காட்டுகிற இரட்டை மீட்டரில் இருக்கிறது. ஆரம்பகால கார்களில் இரண்டும் ஒரே வட்டத்துக்குள் இருக்கும். சூடு காட்டும் பாதிக்கு, இன்ஜினிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று வருகிறது. உள்ளே ஈதர் அடைத்து சீல் செய்திருப்பார்கள். மடங்கி விரிசல் விட்டால் மீட்டர் செத்தது. அதனால், குழாயை நடுவில் கழற்ற முடியாது. இன்ஜின் பக்க முனையைத் திருகி எடுத்து, தடுப்புச் சுவர் ஓட்டை வழியாக முழுதாக இழுக்க வேண்டும். அவசரக்காரர்களுக்கு இந்த வேலை ஆகாது.

ஆயில் குழாயோ வேறு ரகம். இன்ஜின் ஆயிலே நேராக மீட்டர் வரை வருகிறது! இணைப்பில் இருக்கும் குட்டி வாஷர் தொலைந்தாலோ, கிழிந்தாலோ, ஓட்டும்போது சூடான ஆயில் காலில் சொட்டும். கவனிக்காமல் விட்டால் இன்ஜினும் காலி. பத்து காசு பெறாத வாஷரை நம்பி ஒரு இன்ஜினே இருக்கிறது.

ஸ்பீடோமீட்டரை மாற்றினால் இன்னொரு சங்கடம். டயலில் 1280 போல ஒரு குட்டி எண் இருக்கும்; ஒரு மைலுக்கு கேபிள் சுற்றும் சுற்றுகள். கியர்பாக்ஸுக்குப் பொருந்தாத எண் என்றால் வேகம் தப்பாகக் காட்டும். தவிர, கார் ஓடிய மைல் கணக்கும் பழைய மீட்டரோடு போய்விடும். அதை எழுதி வைக்காமல் காரை விற்பது, என்னைக் கேட்டால், ஏமாற்றுதான்.

எல்லாம் மாட்டியதும் உடனே ஊர் சுற்றக் கிளம்பக் கூடாது. இன்ஜினை ஸ்டார்ட் செய்து, முதலில் ஆயில் முள் எழும்புகிறதா என்று பார்க்க வேண்டும். எழும்பாவிட்டால் உடனே அணைத்துவிட வேண்டும். எழும்பினால், டேஷ்போர்டுக்குப் பின்னால் டார்ச் அடித்து, இணைப்பைச் சுற்றி விரலால் தடவிப் பார்க்க வேண்டும். விரல் உலர்ந்திருந்தால் கராஜ் கதவைத் திறக்கலாம்.