பொன்மலையில் பிறக்கும் நீராவி இன்ஜின்

திருச்சிக்கு வருகிறவர்கள் மலைக்கோட்டை ஏறுவார்கள், ஸ்ரீரங்கம் போவார்கள். பொன்மலையை யாரும் சுற்றிப் பார்க்க வருவதில்லை. வந்தாலும் ஒரு பாறைக் குன்று, வரிசை வரிசையாக ரயில்வே குடியிருப்புகள், ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, ஜி கார்னர் மைதானம், அவ்வளவுதான். விஷயமெல்லாம் ரயில்வே பணிமனை மதிலுக்குள்ளே இருக்கிறது.

தென்னிந்திய ரயில்வே தன் பணிமனையை நாகப்பட்டினத்திலிருந்து இங்கே மாற்றியது 1928இல். ஆட்குறைப்பை எதிர்த்து அதே ஆண்டு நடந்த வேலைநிறுத்தத்தில் தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் சிறை சென்றார். 1946 செப்டம்பர் 5 அன்று இங்கே போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். இடையே, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானங்களைக்கூட இங்கே பழுதுபார்த்தார்கள்.

இந்தப் பணிமனையின் தனிப் பெருமை ஊட்டி மலை ரயிலின் நீராவி இன்ஜின். அந்த ரயிலின் பழைய எக்ஸ் வகை இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்தவை. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி ஏற்றம். வெறும் சக்கரம் வழுக்கிவிடும். அதனால் தண்டவாளங்களின் நடுவே இரண்டு பல் பட்டைகள். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம். எந்த நொடியிலும் ஒரு பல்லாவது இன்ஜினின் பல்சக்கரத்தைப் பிடித்திருக்கும். கீழ் சிலிண்டர்கள் சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். அவற்றில் வேலை முடித்த நீராவியே மேல் சிலிண்டர்களுக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுழற்றும்.

பழைய இன்ஜின்கள் தேய்ந்தன. இந்தியாவில் நீராவி இன்ஜின் உற்பத்தியோ 1972லேயே நின்றுபோயிருந்தது. இருந்தும் 2011 முதல் பொன்மலைத் தொழிலாளர்கள் புத்தம்புது எக்ஸ் இன்ஜின்களைச் செய்தார்கள். உள்ளே பழைய சூத்திரம், அடுப்பில் மட்டும் கரிக்குப் பதில் எண்ணெய் எரிக்கும் பர்னர். 2021இல் கரியில் ஓடும் இன்ஜினும் வெளிவந்தது. பக்கத்துத் திருவெறும்பூரில் பெல் (BHEL) ஆலை வந்த நாளிலிருந்து கொதிகலனும் வெல்டிங்கும் இந்த வட்டாரத்துக்குக் கைவந்த தொழில் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் கைத்தொழில் அடுத்த தலைமுறைக்குப் போக வேண்டுமே. ஜப்பானில் இசே கோயிலை இருபது ஆண்டுக்கு ஒருமுறை முழுதாகப் புதிதாய்க் கட்டுகிறார்கள், கடைசியாக 2013இல். மூத்த தச்சர் கையில் இருக்கும் வேலை இளையவர் கைக்கு வர அந்த இடைவெளி போதும். பொன்மலைக்கு அப்படி எழுதிவைத்த முறை எதுவும் கிடையாது. அங்கே அன்றாடப் பாடு டீசல் இன்ஜின்களும் சரக்குப் பெட்டிகளும்தான். ரயில்வே அடுத்த எக்ஸ் இன்ஜினுக்கான ஆர்டரை, முந்தையதைச் செய்தவர்கள் ஓய்வு பெறுவதற்குள் கொடுப்பது நல்லது.