அயோவாவில் வெயிலுக்கும் ஒரு கணக்கு உண்டு!

ஏப்ரல் கடைசி. டெ மாயின் நகரிலிருந்து ஏம்ஸ் போகும் 35-ஆம் எண் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தோம். இருபுறமும் கண்ணுக்கெட்டியவரை கறுத்த மண். அமெரிக்காவிலேயே அதிகமாக மக்காச்சோளம் விளையும் மாநிலம் அயோவா என்றார்களே, ஒரு செடியைக்கூடக் காணோமே என்று நினைத்தேன். அப்போதுதான் விதைப்பே நடந்துகொண்டிருந்தது.

ஏம்ஸைத் தாண்டி, நண்பருக்குத் தெரிந்த ஒரு விவசாயியின் வீட்டில் இறங்கினோம். எழுபதை நெருங்கும் மனிதர். வயலோரக் கம்பத்தில் சின்னக் கூடாரம் மாதிரி ஏதோ தொங்கியது. "பறவைக் கூடா?" என்றேன். சிரித்தார். இனக்கவர்ச்சிப் பொறியாம். பெண் பூச்சியின் வாசனையை வைத்து ஆண் அந்துப்பூச்சியை இழுக்கும். உள்ளே இருக்கும் பசையில் ஒட்டிக்கொள்ளும்.

அவர் எதிர்பார்ப்பது கருப்பு வெட்டுப்புழுவின் அந்துப்பூச்சியை. அயோவாவின் குளிர்காலத்தை இது தாங்காது. வசந்தத்தில் வீசும் தெற்குக் காற்றில் ஏறி, தென் மாநிலங்களிலிருந்து பல நூறு மைல் வருகிறது. விதைக்காத வயலில் களையைத் தேடி முட்டையிடுகிறது. களையை அழித்து விதைத்தால், பயிர் முளைக்கும்போது புழு தயாராக இருக்கும். பகலில் மண்ணில் பதுங்கி, இரவில் இளஞ்செடியை அடியோடு வெட்டிச் சாய்த்துவிடும்.

எப்போது வெட்டும்? அதற்கு அவர் காலண்டரைப் பார்ப்பதில்லை, வெப்பநிலையைப் பார்க்கிறார். வெளியே இருக்கும் சூடுதான் பூச்சியை வளர்க்கிறது. 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது நம் கணக்கில் 10 டிகிரிக்குக் கீழே போனால் இந்தப் புழுவின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும்.

பொறியில் இரண்டு இரவுக்குள் எட்டுப் பூச்சி சிக்கினால் கணக்கு ஆரம்பம். ஒரு நாளின் அதிக வெப்பம் 70, குறைந்தது 50 என்றால் சராசரி 60. அதில் 50 போக மிச்சம் 10. இப்படித் தினமும் கூட்டி 300 வந்தால், புழு வெட்டும் பருவத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

"300 வந்ததும் மருந்தடிப்பீர்களா?"

"இல்லை, வயலில் இறங்கி நடப்பேன்."

நூறு செடியில் இரண்டு மூன்று வாடியோ வெட்டுப்பட்டோ இருந்து, புழுவும் சின்னதாக இருந்தால்தான் மருந்து. செடி ஐந்து இலையைத் தாண்டிவிட்டால் பெரிய பயமில்லை. ஒரு வருஷம் வேலை மும்முரத்தில் கணக்கை விட்டுவிட்டாராம். போய்ப் பார்த்தபோது வரிசை வரிசையாகச் செடிகள் சாய்ந்து கிடந்தன. மறுபடி விதை, மறுபடி டீசல், மறுபடி கூலி!

சமையலறைச் சுவரில் தொங்கிய தாளில் பென்சிலால் அன்றைய கூட்டுத்தொகையை எழுதியிருந்தார்: 112.

மூன்று வாரம் கழித்து நண்பர் ஒரு படம் அனுப்பினார். அதே தாள். 300-ஐச் சுற்றி ஒரு வட்டம். வயலில் தாழ்வான ஒரு மூலையில் மட்டும் சேதமாம். அந்த மூலைக்கு மட்டும் மருந்து தெளித்துவிட்டு, மீதி வயலைச் சும்மா விட்டுவிட்டார் பெரியவர்.