கப்பலில் ஒரு கணக்கு நோட்டு

சொகுசுக் கப்பல் டிக்கெட்டின் விலையைப் பார்த்தால் நமக்கு முதலில் சந்தேகம்தான் வரும். சிங்கப்பூரில் மூன்று நாள் ஹோட்டலில் அறை எடுத்து, மூன்று வேளையும் வெளியே சாப்பிட்டால் ஆகும் செலவைவிட, மூன்று ராத்திரி கப்பல் டிக்கெட் சில சமயம் குறைவாகவே இருக்கும். அறை, சாப்பாடு, நீச்சல் குளம், ராத்திரி மேடை நிகழ்ச்சி எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். அப்புறம் எப்படி இவர்களுக்குக் கட்டுப்படியாகிறது?

காமர்ஸ் படிப்பவனுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் தேட ஒரு வழி உண்டு. கம்பெனியின் ஆண்டறிக்கையைப் பார்ப்பது! கார்னிவல் நிறுவனத்தின் 2023 கணக்கில் மொத்த வருமானம் சுமார் 2,159 கோடி டாலர். அதில் டிக்கெட் மூலம் வந்தது சுமார் 1,407 கோடி. மீதி 752 கோடியும் "கப்பலுக்குள் செலவு மற்றும் இதர" என்ற தலைப்பில் வருகிறது. அதாவது நூற்றுக்கு 35 பங்கு. ராயல் கரீபியன் நிறுவனத்துக்கு அதே வருடம் இது நூற்றுக்கு 31 பங்கு. ஆக, டிக்கெட் என்பது வியாபாரத்தின் ஒரு பகுதிதான். நீங்கள் உள்ளே ஏறிய பிறகுதான் மீதி வியாபாரம் ஆரம்பம்.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. கப்பல் கிளம்பிவிட்டால் அன்றைக்குக் காலியாகப் போகும் அறையை நாளைக்கு விற்க முடியாது. வாடிய கத்தரிக்காயாவது சாயங்காலம் பாதி விலைக்குப் போகும், காலி அறை அதுவும் போகாது. அதனால் டிக்கெட்டைக் குறைத்தாவது ஆளை ஏற்றிவிடுவார்கள். பொருளாதாரத்தில் இதற்கு "இரு பகுதி விலை" என்று பெயர். நுழைவுக் கட்டணம் ஒன்று, உள்ளே போன பிறகு ஒவ்வொன்றுக்கும் தனி விலை. வால்டர் ஓய் என்ற பொருளாதார அறிஞர் 1971-ல் டிஸ்னிலேண்டை உதாரணமாக வைத்து இதைப் பற்றி ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். நம்ம ஊர் பொருட்காட்சியும் அப்படித்தானே? நுழைவுச் சீட்டு சல்லிசு, ராட்டினமும் டெல்லி அப்பளமும்தான் பர்ஸைக் காலி பண்ணும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் செமஸ்டர் லீவில் நாங்கள் நாலு பேரும் (அப்பா, அம்மா, அக்கா, நான்) சிங்கப்பூரிலிருந்து பினாங்கு போய்த் திரும்பும் ஒரு கப்பலில் மூன்று ராத்திரி போய்வந்தோம். அக்கா பெங்களூரில் வேலை பார்க்கிறாள். போனஸ் பணத்தில் விமான டிக்கெட், கப்பல் டிக்கெட் இரண்டையும் அவளே போட்டுவிட்டாள். அப்பாவுக்கு விருதுநகரில் மளிகைக்கடை. மகள் காசில் முழுக்கப் போய்வர அவருக்கு மனசு ஒப்பவில்லை. "டிக்கெட் நீ போட்டுட்ட. கப்பலுக்குள்ள ஆகுற செலவு என்னுது. அதுல நீ கை வைக்கக் கூடாது" என்று 45,000 ரூபாயை எடுத்து என் கையில் கொடுத்தார். "நீதான பி.காம். படிக்கிற, நீ பாத்துக்க."

இந்த 45,000-க்கு மேலே பில் வந்தால் அக்கா சத்தம் போடாமல் கார்டை நீட்டிவிடுவாள். அவளுக்கு அது பெரிய தொகை இல்லை. ஆனால் அப்பா அதற்கப்புறம் அந்தப் பயணத்தைப் பற்றிப் பேசவே மாட்டார். அதனால் எனக்கு இது வெறும் பட்ஜெட் இல்லை.

கப்பலில் ரொக்கம் செல்லாது. ஏறும்போது ஒரு அட்டை தருவார்கள். அதுதான் அறைச் சாவி, அதுதான் பர்ஸ். எதை வாங்கினாலும் அட்டையைக் காட்டினால் போதும், கணக்கில் ஏறிக்கொண்டே போகும். கடைசி நாள் மொத்தமாகக் கட்ட வேண்டும். இதை நான் விளக்கியதும் அப்பா ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "நம்ம கடை நோட்டு மாதிரி."

அதேதான்! எங்கள் கடையில் மாசச் சம்பளக்காரர்களுக்கு ஆளுக்கொரு நோட்டு உண்டு. அப்பாவின் முப்பது வருட அனுபவம் என்னவென்றால், ரொக்கத்துக்கு வாங்குகிறவர் விலை கேட்பார், நோட்டுக்கு வாங்குகிறவர் கேட்க மாட்டார். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் பேராசிரியர்கள் டிராஸன் ப்ரெலக், டங்கன் சிமெஸ்டர் இருவரும் இதையே சோதித்துப் பார்த்து 2001-ல் வெளியிட்டார்கள். மாணவர்களிடம் கூடைப்பந்துப் போட்டி டிக்கெட்டை ஏலம் விட்டபோது, கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள், ரொக்கம்தான் என்று சொல்லப்பட்டவர்களைப்போல் சராசரியாக இரண்டு மடங்குக்கும் மேல் கேட்டார்கள். கப்பலில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. விலை எல்லாம் டாலரில் இருப்பதால் ஐந்து, ஒன்பது, பன்னிரண்டு என்று சின்னச் சின்ன எண்களாகக் கண்ணில் படும். ஒன்பது என்றால் நம் கணக்கில் எண்ணூறு ரூபாய் என்பது சட்டென்று உறைக்காது.

இனி எங்கள் கணக்கு. கமிஷன், கார்டு கட்டணம் எல்லாவற்றையும் மனசில் வைத்து டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டேன். வகுப்பில் சொல்லித்தரும் முன்னெச்சரிக்கைக் கொள்கைதான்: செலவைக் கூட்டியே மதிப்பிடு. 45,000 ரூபாய் என்றால் 500 டாலர்.

முதல் வெட்டு டிப்ஸ். ஆங்கிலத்தில் கிராஜுவிட்டி என்கிறார்கள். நமக்கு அந்த வார்த்தையைக் கேட்டால் ரிடையர் ஆகும்போது வரும் பணிக்கொடைதான் ஞாபகம் வரும். கப்பலில் அது ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று தானாகவே ஏறிவிடும் தொகை. ராயல் கரீபியன் 2023 நவம்பரில் சாதாரண அறைக்கு இதை 18 டாலராக உயர்த்தியது. எங்கள் கப்பலில் 18 டாலர். நாலு பேர், மூன்று நாள், மொத்தம் 216 டாலர். ஏறி ஒரு டீ குடிக்கும் முன்னாலேயே பட்ஜெட்டில் நூற்றுக்கு 43 பங்கு போய்விட்டது!

வரவேற்பு மேசையில் சொன்னால் இதைக் குறைத்துக்கொள்ளலாம் என்று படித்திருந்தேன். அப்பாவிடம் சொன்னேன். "அறையைக் கூட்டுறவன், சாப்பாடு பரிமாறுறவன் கூலி அது. கடைப் பையன் சம்பளத்துல கை வச்சு மிச்சம் பிடிக்கிறது மிச்சமாடா?" என்றார். சரி என்று ஊரிலிருந்தே முழுசாகக் கட்டிவிட்டோம்.

அடுத்தது வைஃபை. ராத்திரியில் சித்தப்பாவிடம் கடை வசூல் கேட்காமல் அப்பாவுக்குத் தூக்கம் வராது. ஒரு போனுக்கு மட்டும், நாளைக்கு 20 டாலர் வீதம் 60 டாலர். இதையும் முன்கூட்டியே வாங்கினோம், கப்பலில் ஏறிய பிறகு வாங்கினால் பெரும்பாலும் விலை கூடுதல். மற்ற போன்கள் எல்லாம் ஏரோபிளேன் மோடில். இது முக்கியம். நடுக்கடலில் போன் தானாகக் கப்பலின் செல் நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டால் வரும் ரோமிங் பில் தலையைச் சுற்ற வைக்கும்.

பினாங்கில் கப்பல்காரர்களின் சுற்றுலா ஆளுக்கு 60 டாலர் போட்டிருந்தார்கள். நாலு பேருக்கு 240. மேப்பை எடுத்துப் பார்த்தேன். கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுனை ஒட்டியே இருக்கிறது. லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போகலாம். 1833-ல் கட்டிய மகாமாரியம்மன் கோவில் அங்கேதான், குயின் தெருவில். 24 டாலரை 100 ரிங்கிட்டாக மாற்றிக்கொண்டு, கோவிலில் கும்பிட்டு, வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு நடந்தே திரும்பினோம். சாப்பாட்டுக்கடைக்காரர் அம்மாவிடம் "எந்த ஊரும்மா?" என்று தமிழில் கேட்டதற்கு 60 டாலர் கொடுத்தாலும் தகும் :) ஒரு எச்சரிக்கை மட்டும்: கப்பல்காரர்களின் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நாமாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. நாங்கள் ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டோம்.

குளிர்பான பேக்கேஜ் என்று ஒன்று எல்லோரையும் இழுக்கும். நாளைக்கு 13 டாலர், எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம். இதற்குத்தான் சமநிலைப் புள்ளி என்று ஒரு பாடமே இருக்கிறதே! தனியாக வாங்கினால் ஒன்று 4 டாலர். அப்படியென்றால் தினமும் நாலு குடித்தால்தான் லாபம். தண்ணீர், டீ, காபி, எலுமிச்சை ஜூஸ் எல்லாம் மேல்தளச் சாப்பாட்டு அறையில் இலவசம். நாலு கோலா யார் குடிப்பது? வேண்டாம் என்று அடித்துவிட்டேன். இன்னொன்று, கப்பலில் போட்டிருக்கும் பான விலையோடு 18 சதவீத சேவைக் கட்டணம் தனியாகச் சேரும். 5 டாலர் என்றால் 5.90 என்றே படிக்க வேண்டும்.

மீதி 200 டாலர். இங்கேதான் அப்பாவின் கடை மூளை உதவியது. "நோட்டுல ஓவரா ஏறுற ஆளுக்கு நான் என்ன செய்வேன்? முன்பணம் கட்டச் சொல்லுவேன்." கப்பலிலும் அந்த வழி இருக்கிறது. கணக்கோடு கார்டை இணைக்காமல் வரவேற்பு மேசையில் ரொக்கமாகக் கட்டிவிடலாம். அது தீர்ந்தால் அட்டை வேலை செய்யாது, மிஞ்சினால் இறங்கும்போது திருப்பித் தருவார்கள். டெபிட் கார்டை இணைத்தால் இன்னொரு தலைவலியும் உண்டு. நாம் செலவழித்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு தொகையை முடக்கி வைப்பார்கள், அது வங்கிக் கணக்குக்குத் திரும்பிவரப் பல நாள் ஆகலாம்.

இந்த 200-ல் 80 டாலரை அவசரத்துக்கு ஒதுக்கினேன், கப்பல் டாக்டரிடம் போனால் அதற்கும் பில் உண்டு. மிச்சம் 120-ஐ ஆளுக்கு 30 என்று பிரித்தேன். இரண்டு விதிகள். ஒன்று, அவரவர் 30-ஐ அவரவர் இஷ்டத்துக்குச் செலவழிக்கலாம், யாரும் எதற்கு என்று கேட்கக்கூடாது. இரண்டு, அடுத்தவருக்கு மாற்றித் தரக்கூடாது, செலவழிக்காவிட்டால் கழிந்துவிடும். மார்ச் 31-க்குள் செலவாகாத அரசாங்க ஒதுக்கீடு மாதிரி.

இரண்டாவது விதியை அம்மாவுக்காகவே போட்டேன். எங்கள் வீட்டில் எந்தப் பணம் அம்மா கைக்குப் போனாலும் அது எனக்கு ஃபீஸாகவோ அக்காவுக்குத் துணியாகவோ மாறிவிடும். சொன்னபடியே முதல் நாள் சாயங்காலம் அம்மா வந்து, "என் முப்பதை நீ வச்சுக்கடா" என்றாள். "முடியாதும்மா, ரூல்ஸ்" என்றேன்.

அன்றைக்கு ராத்திரி கணக்கைப் பார்த்தபோது அம்மா பேரில் 5.90 ஏறியிருந்தது. மறுநாள் இன்னொரு 5.90. கீழ்தளத்தில் ஜன்னலோரமாக ஒரு காபிக்கடை. அம்மா அங்கே தனியாக உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டு காபி குடித்திருக்கிறாள்! அப்பாவுக்கு ஆச்சரியம். "மேலே சும்மாவே காபி கிடைக்குதே?" என்று கேட்டுவிட்டார் (முதல் விதி மீறல்).

"அங்க நானே போய்ப் பிடிச்சுக்கணும். இங்க உக்காந்த இடத்துக்குக் கொண்டுவந்து குடுக்குறான்" என்றாள் அம்மா.

அப்பா அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லை. இருபத்தைந்து வருடமாக விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து எல்லோருக்கும் காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தவள் அம்மா. சும்மா கிடைக்கும் பொருளுக்கு ஆறு டாலர் கொடுப்பது வீண் என்றுதான் எந்தச் சிக்கனக் கட்டுரையும் சொல்லும். ஆனால் அம்மா வாங்கியது காபியை இல்லையே.

தினமும் கணக்கைப் பார்த்ததில் ஒரு நன்மையும் கிடைத்தது. நாங்கள் எடுக்காத இரண்டு தண்ணீர் பாட்டிலுக்கு 7 டாலர் ஏறியிருந்தது. போய்ச் சொன்னதும் நீக்கிவிட்டார்கள். கடைசி நாள் காலையில் பார்த்திருந்தால் அந்த நீள வரிசையில் நின்று கேட்கப் பொறுமை இருந்திருக்காது.

கப்பலில் போக நினைப்பவர்களுக்குச் சுருக்கமாக:

1. டிக்கெட் விலையோடு டிப்ஸையும் கூட்டிப் பார்த்த பிறகே "மலிவு" என்று சொல்லுங்கள்.
2. எது இலவசம், எது காசு என்று ஏறும் முன்பே பட்டியல் போடுங்கள்.
3. பேக்கேஜ் எதுவானாலும் விலையைத் தனி விலையால் வகுத்துப் பாருங்கள். அத்தனை குடிப்பீர்களா?
4. முடிந்தால் ரொக்கமாக முன்பணம் கட்டுங்கள். கணக்கை ஒவ்வொரு ராத்திரியும் பாருங்கள்.
5. வீட்டில் யார் தனக்கென்று செலவழிக்கவே மாட்டாரோ, அவர் பேரில் ஒரு தொகையை ஒதுக்கி, அதை வேறு யாரும் தொட முடியாதபடி செய்யுங்கள்.

ஐந்தாவது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. பட்ஜெட் என்றால் செலவைத் தடுப்பது என்றே நாம் நினைக்கிறோம். எங்கள் வீட்டைப் போன்ற வீடுகளில் பாதிப் பேருக்குத் தடுப்பு தேவையே இல்லை, அனுமதிதான் தேவை.

இறங்கும்போது, கட்டிய 200 டாலரில் 115.16 திரும்பி வந்தது. அக்காவும் நானும் ஆளுக்குக் கொஞ்சம் செலவழித்தோம், அப்பா நாங்கள் நாலு பேரும் நிற்கும் போட்டோ ஒன்று வாங்கினார். மொத்தச் செலவு 384.84 டாலர். ஊருக்கு வந்து வேறுபாட்டு அறிக்கை எழுதி அப்பாவிடம் கொடுத்தேன். கடைக்கணக்கைப் பார்ப்பது போலவே விரல் வைத்து வரி வரியாகப் பார்த்தார். அம்மாவின் வரியில் ஒதுக்கீடு 30, செலவு 23.60, மிச்சம் 6.40. சாதகமான வேறுபாடு என்று எழுதியிருந்தேன்.

"இதுல இன்னொரு காபி குடிச்சிருக்கலாமே" என்றார் அப்பா.