வாயில்லாப் பூச்சி தரும் பட்டு

ஹௌராவிலிருந்து நாகபுரி வழியாக மும்பைக்குச் செல்லும் இருப்புப்பாதையில், டாட்டாநகரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் உள்ளது சக்ரதர்ப்பூர். ரயில்வே கோட்டத்தின் தலைமையிடம் என்றே நம்மவர் இவ்வூரை அறிவர். சுற்றியுள்ள சிங்பூம் காடுகளுக்கோ வேறொரு பெருமை உண்டு; டஸ்ஸர் பட்டு விளையும் நிலம் அது.

சென்ற புரட்டாசியில் நாம் சில குடும்பத்தாருடன் கர்சாவான் பக்கம் சென்றிருந்தோம். அங்கே அர்ஜுன் என வழங்கும் மரம் நம் நாட்டு மருதுதான்; ஆசன் என்பது கருமருது. அம்மரங்களில், இலையின் நிறத்திலேயே பருத்த புழுக்கள் தலைகீழாகத் தொங்கின. முசுக்கொட்டைப் பட்டுப்புழு வீட்டுத் தட்டில் வளர்வது. இதுவோ வெட்டவெளியில் வளர்வது. காக்கை, குளவி, எறும்பு யாவும் இதற்குப் பகை. ஆதலால் ஹோ இனத்துக் குடியானவர்கள் கவணும் வில்லும் ஏந்தி, பொழுது சாயும்வரை காவல் நிற்கின்றனர்.

இப்பூச்சியின் வாழ்வு விந்தையானது. முதல் மழை மண்ணை நனைத்ததும் கூட்டிலிருந்து வெளிவருகிறது. விரித்த சிறகு ஏறத்தாழ 6 அங்குலம். சிறகுதோறும் கண் போன்றதொரு புள்ளி. உண்பதற்கு வாய் இல்லை. ஒரு வார அளவே உயிர் வாழ்ந்து, பெண்பூச்சி 200 முட்டைகள் வரை இட்டு மடிகிறது. எட்டுப் பத்து நாளில் புழு பொரித்து, நான்கு முறை தோலுரித்து, ஒரு மாதத்துக்கு மேல் இலை தின்று, கிளையில் காம்புடன் கூடு கட்டுகிறது. அக்கூடு கோழிமுட்டையைப் போல் உறுதியானது.

பூச்சி வெளியேறிய கூட்டிலிருந்து நூலை நீளமாக இழுத்தல் அரிது, நூற்கத்தான் வேண்டும். எனவே பெரும்பாலான கூடுகள் வெந்நீருக்குச் செல்கின்றன. ஆயினும் நல்லனவற்றைத் தேர்ந்து விதைக்கென ஒதுக்கியே ஆகவேண்டும். இரண்டாம் பயிரின் கூட்டுப்புழு, குளிரும் கோடையும் கடந்து அடுத்த மழை வரை உறங்கும். வெயில் மிஞ்சினால் உள்ளேயே மடியும். காலந்தப்பி வெளிவந்தால் துணையின்றி வீணாகும். அவ்வாண்டின் பயிர் அந்த உறக்கத்தை நம்பியே உள்ளது.

அப்பக்கம் நின்ற முதியவர் ஒருவரிடம், மரத்தை விற்றால் உடனே பணம் வருமே என்றோம். மரம் போனால் புழுவும் போகும், பிறகு தம் மக்கள் கூலி தேடி ரயிலேறுவர் என்றார் அவர். பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நமக்கு அச்சொல் நன்கு விளங்கியது.

அன்பர்கள் புரட்டாசி, ஐப்பசியில் சென்றால் புழுவைக் காணலாம். காவலரிடம் கேட்டு உள்ளே செல்க, கிளையைத் தொடற்க.