புயலே வராது என்றிருந்த கடல்

2004 மார்ச் கடைசி வாரம் பிரேசிலின் தென்கரைக்கு அப்பால் எடுத்த செயற்கைக்கோள் படங்களை மாணவர்களுக்கு இன்றும் போட்டுக் காட்டுகிறேன். நடுவில் தெளிவான கண், சுற்றிலும் அடர்ந்த மேகச் சுவர், கடிகார முள் போகும் திசையில் வளைந்து வரும் மேகப் பட்டைகள். வங்கக் கடலில் இப்படியொரு படம் வந்தால் பயிற்சிக்கு வந்தவர்கூடத் தயங்காமல் 'புயல்' என்று எழுதிவிடுவார். ஆனால் தென் அட்லாண்டிக்கில் வெப்பமண்டலப் புயல் உருவாகாது என்பதுதான் அதுவரை பாடம். இது நிஜப் புயல்தானா, அந்தக் கரைக்குப் பழக்கமான குளிர்காற்றுத் தாழ்வு மண்டலமா என்று நிபுணர்கள் விவாதித்துக்கொண்டிருந்தபோதே அது மேற்கு நோக்கி நகர்ந்தது. மார்ச் 28 அதிகாலை சாந்தா கத்தரீனா மாநிலத்தில் கரை கடந்தது. காற்றின் வேகம் மணிக்குச் சுமார் 150 கி.மீ. பல்லாயிரம் வீடுகள் சேதம். அதற்குப் பெயர் வைக்க யாரும் இல்லாததால், மாநிலத்தின் பெயரே ஒட்டிக்கொண்டது: கத்தரீனா. (மறு ஆண்டு அமெரிக்காவைத் தாக்கிய கத்ரீனா வேறு.)

அந்தப் பாடத்துக்கும் காரணம் உண்டு. அங்கே மேலடுக்குக் காற்றுக்கும் கீழடுக்குக் காற்றுக்கும் வேக வித்தியாசம் அதிகம். எழும்பும் மேகக் கோபுரத்தை அது சாய்த்துவிடும். இரு அரைக்கோளக் காற்றுகளும் சந்திக்கும் மேகப்பட்டை பெரும்பாலும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கிலேயே நின்றுவிடுவதால், புயலுக்கு விதையாகும் சுழல்களும் குறைவு. கடல்நீரும் அவ்வளவு சூடில்லை. 2004 மார்ச்சில் அந்த வேக வித்தியாசம் சில நாள் தளர்ந்தது. அந்த இடைவெளி போதுமானதாக இருந்தது. 'அரிது' என்பதை 'நடக்காது' என்று படித்துவிட்டால், கண்காணிப்புக்கு ஆள் போட யாருக்கும் தோன்றாது.

குறை கருவியில் இல்லை. 1991 ஏப்ரலில் அங்கோலாவுக்கு அப்பால் உருவான ஒரு புயலையும் செயற்கைக்கோள் பார்த்தது. பார்த்ததைச் சொல்லும் கடமைதான் யாருக்கும் இருக்கவில்லை. உலக வானிலை அமைப்பின் ஏற்பாட்டில் புயல்களுக்கென ஆறு மண்டல மையங்கள் இயங்குகின்றன; வட இந்தியப் பெருங்கடலுக்கு புது டெல்லி. கத்தரீனா வந்த அதே 2004இல்தான் எட்டு நாடுகள் சேர்ந்து தயாரித்த பட்டியலிலிருந்து நம் பக்கத்துப் புயல்களுக்குப் பெயர் சூட்டுவதும் தொடங்கியது. முதல் பெயர் ஓனில். தென் அட்லாண்டிக்குக்கு அப்போது மையமும் இல்லை, பட்டியலும் இல்லை. 2010 மார்ச்சில் இன்னொரு புயல் உருவானபோது, தென் பிரேசிலின் வானிலை நிறுவனங்கள் தாங்களே பேசி 'அனீட்டா' என்று அழைத்தன.

2011இல் பிரேசில் கடற்படையின் நீர்ப்பரப்பாய்வு மையம் புயலைக் கண்காணித்துப் பெயர் வைக்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டது. இந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். புதிதாக ஓர் அலுவலகம் கட்டவில்லை. மேற்கு தென் அட்லாண்டிக்கில் போகும் கப்பல்களுக்கு எச்சரிக்கை தருவது ஏற்கெனவே அவர்கள் வேலை. இரவு பகல் ஆளிருக்கும் மேசை அது. அதோடு புயலையும் சேர்த்தார்கள். பெயர்ப் பட்டியலைப் பெரும்பாலும் அந்நாட்டுப் பழங்குடிகளின் துப்பி-குவரானி மொழிகளிலிருந்து எடுத்தார்கள். அந்த மார்ச்சிலேயே முதல் பெயர் தேவைப்பட்டது: அரானி.

எங்கள் தொழிலில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது அடுத்த படி. எதைப் புயல் என்பது? அங்கே உருவாகுபவற்றில் பெரும்பாலானவை மித வெப்பமண்டலப் புயல்கள், பாதி வெப்பமண்டலப் புயல், பாதி குளிர்காற்றுத் தாழ்வு மண்டலம். டுவோராக் முறையில் செயற்கைக்கோள் படத்திலிருந்து புயலின் வலிமையைக் கணிக்க, மேகப் பட்டையின் மேல் சுருள்கோடு வரைந்த கண்ணாடித் தாளை வைத்து அளப்போம். தென் அரைக்கோளத்துக்கு அதைத் திருப்பிப் போட்டால் போதும். ஆனால் மேகக்கூட்டம் மையத்தை விட்டு விலகி நிற்கும் மித வெப்பமண்டலப் புயலுக்கு அந்த அளவு பொருந்தாது. அதற்கு ஹெபெர்ட்டும் போட்டீட்டும் 1975இல் தந்த தனி முறை இருக்கிறது. மையம் சூடானதா குளிர்ந்ததா என்று பார்க்க ஹார்ட்டின் 2003ஆம் ஆண்டு வரைபடம் உதவும். காற்று மணிக்கு 63 கி.மீ. தொட்டால் பெயர் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், நள்ளிரவுப் பணியில் தனியாக இருப்பவர் மேலதிகாரியின் சம்மதத்துக்குக் காத்திருப்பார். கடலில் இருக்கும் படகுக்கு அந்த நேரம் திரும்பக் கிடைக்காது.

அதற்குப் பிறகு பெயர்கள் வரிசையாக வந்தன. 2015இல் பாப்போ, கரி. 2019இல் முழு வெப்பமண்டலப் புயலாகவே இபா. 2022இல் யாக்கெக்கன், 2024இல் அக்கரா. இதைப் பார்த்துவிட்டு, புயல்கள் திடீரெனப் பெருகிவிட்டன என்று எழுதுகிறார்கள். அவசரப்படக் கூடாது. 1957 முதல் 2007 வரையான பழைய தரவுகளை அலசிய ஓர் ஆய்வு அங்கே 63 மித வெப்பமண்டலப் புயல்களைக் கண்டெடுத்தது. அவை வந்துகொண்டுதான் இருந்தன, எண்ண ஆளில்லை. கடல் உண்மையில் மாறுகிறதா என்று சொல்ல, ஒரே அளவுகோலில் எழுதிய பதிவு பல பத்தாண்டுகளுக்கு வேண்டும். அந்தப் பதிவு 2011இல்தான் தொடங்கியிருக்கிறது.

தென் அட்லாண்டிக்குக்கு உலக வானிலை அமைப்பின் புயல் மையம் இன்னும் கிடையாது. அப்படியொரு மையத்தை முறைப்படி அறிவிக்க வேண்டும், ஆப்பிரிக்கக் கரையோரத்தையும் சேர்த்து.