மீட்டர் உள்ளே வருமா?

மே 3

சின்னவன் எண்ணூர்ப் பக்கம் ஓர் ஆலைக்கு ஷட்டவுன் வேலைக்குப் போய்விட்டான். கடல்தண்ணீர் வரும் பெரிய குழாய்க்குள் இறங்கி, ஒட்டிக் கிடக்கும் ஆழி என்கிற சிப்பியைச் சுரண்டும் வேலையாம். ஏற்காட்டு அடிவாரத்தில் பிறந்து மலையேறியே வளர்ந்த பிள்ளை.

மே 4

தூக்கமில்லை.

மே 7

கிடைத்ததையெல்லாம் படிக்கிறேன். கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குக் கடலடியில் 468 மீட்டர் நீளச் சுரங்கம் வழியாகக் குளிர்நீர் வருகிறது. அதில் பச்சை ஆழி மண்டியதைப் பல வருடம் ஆராய்ந்திருக்கிறார்கள். இருட்டு, தண்ணீரோடு ஓயாமல் வரும் இரை, தின்ன வரும் மீன் இல்லை. ஆழிக்கு வேறென்ன வேண்டும்? குளோரினை விட்டுவிட்டுச் செலுத்தினால் ஓட்டை இறுக மூடிக்கொண்டு காத்திருக்கும், நின்றதும் திறக்கும். கொஞ்சமானாலும் இடைவிடாமல் செலுத்தினால்தான் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் வந்து ஒட்டாது. அளவு மிஞ்சினால் கடலில் மற்றதும் சாகும். அந்தப் பக்குவம் தவறிய இடத்தில்தான் என் பிள்ளை கரண்டியோடு இறங்குகிறான்.

மே 8

இரவு பேசினான். "முதல்ல குடலைப் பிரட்டுச்சும்மா. மத்தியானத்துக்கு மேல நாத்தமே தெரியலை, பழகிருச்சு."

கை நடுங்கிவிட்டது. தண்ணீரை வடித்ததும் செத்த ஆழி அழுகி ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். அதிகமானால் மூக்கே மரத்துவிடும்.

"பழகலை கண்ணு. நாத்தம் நின்னா காத்து சுத்தமாயிருச்சுன்னு நெனைக்காதே. வாயு அளக்குற மீட்டர் இருக்கா?"

"சூப்பர்வைசர்கிட்ட ஒண்ணு இருக்கும்மா. அவரு மேலயே நிப்பாரு."

"அதைக் கயித்துல கட்டி முதல்ல உள்ளே இறக்கச் சொல்லு. இல்லைன்னா நீ இறங்காதே."

"அப்படிச் சொன்னா நாளைக்கு வேற ஆளைக் கூப்பிட்டுக்குவாங்கம்மா."

பதில் சொல்லத் தெரியவில்லை. கோபம் மட்டும் வந்தது; இதை எழுதும்போதும் அடங்கவில்லை.

மே 9

போன் வரவில்லை.

மே 13

மீட்டர் இப்போது உள்ளே வருகிறதாம்! கூட இறங்கும் காட்டுக்குப்பத்துக்காரர் ஒருவர் சண்டை போட்டு வாங்கியிருக்கிறார். இறால் பிடித்தவர். முகத்துவாரத்துச் சேற்றைக் காக்கா ஆழி மூடிவிட்டதால் இறாலுக்கு இடமில்லை, அவருக்குப் பிழைப்பில்லை. அது தென், மத்திய அமெரிக்கக் கரையோரத்து இனம். கப்பலோடு வந்திருக்கும் என்கிறார்கள். முதலில் எங்கே தென்பட்டது, எப்படிப் பரவியது என்று அவர் சின்னவனுக்கு இடம் இடமாகச் சொன்னாராம்.

நம் பச்சை ஆழியோ அமெரிக்காவுக்குப் போயிருக்கிறது. 1999இல் ப்ளோரிடாவின் டாம்பா விரிகுடாவில், மின்நிலையக் குளிர்நீர்க் குழாயைச் சுத்தம் செய்ய இறங்கியவர்கள்தான் அந்த நாட்டில் அதை முதலில் பார்த்தவர்கள். நான் படித்ததில் அவர்கள் பெயர் இல்லை.

மே 19

ஏற்காட்டுக் கோடை விழா. வாசலில் நகராத வண்டிகள். அவன் பேசியது பாதி காதில் விழவில்லை.

மே 22

இந்த ஆலை முடிந்ததும் இன்னொன்றுக்குக் கூப்பிடுகிறார்களாம். "போகட்டுமாம்மா?" என்கிறான். காட்டுக்குப்பத்துக்காரரும் வருகிறாரா என்று கேட்டேன். விசாரித்துச் சொல்கிறேன் என்றான்.