ஆடு மேய்ந்த கூரை

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், ஹோல்பெக் பகுதியின் மார்ஷல் தெருவில் ஒரு எகிப்தியக் கோயில் நிற்கிறது. பருத்த தூண்கள், அவற்றின் உச்சியில் விரியும் பாப்பிரஸ் பூக்கள், சிறகு விரித்த சூரிய வட்டு என்று எல்லாம் உண்டு. சாமிதான் கிடையாது. ஆளிச்செடியின் நாரை நூலாக்கிய லினன் மில் இது. பெயர் டெம்பிள் ஒர்க்ஸ். 1830-களின் பிற்பகுதியில் வேலை தொடங்கி 1840 வாக்கில் முடிந்தது.

கட்டியவர்கள் மார்ஷல் குடும்பத்தார். ஜான் மார்ஷல் 1788-இல் லீட்ஸுக்கு வெளியே ஒரு சின்ன ஆலையில் ஆரம்பித்தவர். மேத்யூ மரே என்ற இயந்திர வல்லுநரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கையால் நூற்ற நாரை இயந்திரத்துக்குப் பழக்கினார். அரை நூற்றாண்டுக்குள் ஆளி நூற்பில் இங்கிலாந்திலேயே பெரிய கை அவருடையது. டெம்பிள் ஒர்க்ஸ் அவருடைய மகன்கள் தலையெடுத்த காலத்துக் கட்டடம்.

லினனுக்கும் எகிப்துக்கும் உள்ள உறவை விளக்கவே வேண்டியதில்லை. நைல் நதிக்கரை மக்கள் தம் மன்னர்களைச் சுற்றி வைத்தது லினன் துணியில்தான். லீட்ஸ்காரர்கள் அதைக் கண்ணாலேயே பார்த்தவர்கள். நெஸ்யமூன் என்ற அர்ச்சகரின் மம்மியை 1824-இல் அந்த ஊரிலேயே பிரித்து ஆராய்ந்தார்கள். அது இன்றும் லீட்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மில்லின் முகப்பை வடிவமைத்த ஜோசப் பொனோமியும் ஏட்டறிவோடு நின்றவர் அல்ல. அதே 1824-இல் எகிப்துக்குப் போய், பல ஆண்டுகள் தங்கி, கோயில்களையும் கல்லறைகளையும் வரைந்து குவித்த சிற்பி.

முகப்புக்கு முன்மாதிரி எட்ஃபுவிலுள்ள ஹோரஸ் கோயில் என்பார்கள். அந்த அசல் கோயில் அப்போது பெரும்பகுதி மணலுக்குள் புதைந்து கிடந்தது. மரியெட் என்ற பிரெஞ்சுக்காரர் மணலை அள்ளி அதை வெளியே கொண்டுவரத் தொடங்கியது 1860-இல்தான். அதாவது, எட்ஃபு வெளிச்சத்துக்கு வருவதற்கு இருபது ஆண்டுகள் முன்பே அதன் நகல் யார்க்‌ஷயரின் கரிப்புகையில் கறுக்க ஆரம்பித்துவிட்டது. புகைபோக்கியைக்கூட விடவில்லை, நாற்பட்டை ஊசித்தூண் வடிவில் எழுப்பினார்கள். அது 1852-இல் விரிசல் விட்டது. இடித்துவிட்டுச் சாதாரணச் செங்கல் புகைபோக்கி ஒன்றைக் கட்டினார்கள்.

வருகிறவர்கள் எல்லாரும் இந்த முகப்பைத்தான் படம் எடுக்கிறார்கள். எனக்கு அது நல்ல வேடம், அவ்வளவுதான். இந்தக் கட்டடத்தின் மூளை கூரையில் இருக்கிறது.

அன்றைய நூற்பாலை என்றால் ஐந்து, ஆறு மாடி, சிறு சன்னல்கள், மாடிக்கு மாடி சரக்கைத் தூக்கி இறக்கும் வேலை. மார்ஷல்களின் பழைய ஆலைகளும் பக்கத்தில் அப்படித்தான் நின்றன. இங்கே ஜேம்ஸ் கோம்ப் என்ற பொறியாளர் எல்லாவற்றையும் ஒரே தளத்தில் பரப்பினார். சுமார் இரண்டு ஏக்கர், ஒரே கூடம். உலகிலேயே பெரிய அறை என்று அப்போது பெருமை பேசினார்கள். அவ்வளவு அகலமான கூடத்தின் நடுவுக்குச் சன்னல் வெளிச்சம் எட்டாது. அதனால் வெளிச்சத்தை மேலிருந்தே இறக்கினார்: வரிசை வரிசையாக வார்ப்பிரும்புத் தூண்கள், தூண்களுக்கு இடையே செங்கல் வளைவுக் கூரை, ஒவ்வொரு வளைவின் நடுவிலும் கூம்பாக எழும் ஒரு கண்ணாடிக் குவிமாடம். மொத்தம் அறுபதுக்கும் மேல். தூண்கள் உள்ளே வெற்றுக்குழாய்கள். கூரையில் விழும் மழை அவற்றின் வழியே கீழே இறங்கும். பாரம் தாங்குவதும் அவையே, தூம்பும் அவையே.

அடுத்த சிக்கல் ஈரம். ஆளிநார் உலர்ந்தால் முறுக்கேறாமல் அறுந்துவிடும். காற்று எப்போதும் வெதுவெதுப்பாக, நசநசவென்று இருந்தாக வேண்டும். தரைக்கடியில் நிலவறை அமைத்து, இயந்திரங்களை ஓட்டும் தண்டுகளையும் நீராவிக் குழாய்களையும் அங்கே கொண்டுபோனார்கள். மேலே செங்கல் வளைவின்மீது காரை, அதன்மேல் தார்ப்பூச்சு. தார் வெயிலில் வெடித்துவிடாமலும் கூடத்தின் சூடும் ஈரமும் குலையாமலும் இருக்க, அதன்மேல் மண்ணைக் கொட்டிப் புல் விதைத்தார்கள். புல் வளர்ந்தது. வெட்ட ஆள் வைப்பதற்குப் பதிலாக ஆடுகளை மேயவிட்டார்கள். லீட்ஸில் யாரைக் கேட்டாலும் ஆட்டுக் கதையைத்தான் முதலில் சொல்வார்கள். கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஆடு கீழே விழுந்த கதையும் உண்டு; அதை நான் கதையாகவே வைத்துக்கொள்கிறேன்.

நூலுக்கு இதமான அந்தக் காற்றில் நாளெல்லாம் நின்றவர்களில் பெரும்பாலோர் பெண்களும் சிறுவர் சிறுமியரும். 1825-க்குப் பிறகு பரவிய ஈர நூற்பு முறையில் நார் வெந்நீர்த் தொட்டியில் நனைந்து வரும். சுழலும் கதிர்கள் தண்ணீரை முன்னால் நிற்பவர்மீது தெறித்துக்கொண்டே இருக்கும். நனைந்த பாவாடையோடு வேலை முடித்து, வெளியே யார்க்‌ஷயர் குளிரில் வீட்டுக்கு நடக்க வேண்டும். ஒன்பது வயதுக்குக் குறைந்தவர்களை ஆலையில் சேர்க்கக் கூடாது என்று 1833-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. ஒன்பது நிரம்பிவிட்டால் தடையில்லை. கூரையில் மேய்ந்த ஆடுகளைப் பற்றி இத்தனை பேச்சு இருக்கிற இடத்தில், அவற்றுக்குக் கீழே நின்ற குழந்தைகளைப் பற்றி அதில் பாதிகூடக் காதில் விழுவதில்லை.

பருத்தி மலிந்தது, லினன் ஒதுங்கியது. மார்ஷல்களின் அடுத்த தலைமுறைக்கு ஏரிகள் சூழ்ந்த பண்ணை வீடுகள் ருசித்துவிட்டன. 1886-இல் ஆலையை மூடினார்கள். பிறகு பலர் கை மாறி, இருபதாம் நூற்றாண்டில் அஞ்சல்வழி வணிக நிறுவனம் ஒன்றின் கிடங்காக இருந்து, கடைசியில் காலியாகிப்போனது. 2008 டிசம்பரில் முகப்புத் தூண்களில் ஒன்று வெடித்து நொறுங்கியது. மேலிருந்த கல்லும் கட்டுமானமும் நடைபாதையில் சரிந்தன. மிக உயர்ந்த பாதுகாப்புத் தகுதி பெற்ற கட்டடத்துக்குத்தான் இந்தக் கதி. மழைக்கோட்டுக்குப் பேர்போன பர்பெர்ரி நிறுவனம் இங்கே தொழிற்சாலை வைக்கப்போவதாக 2015-இல் அறிவித்து, பின்னர் கைவிட்டது.

அதன்பிறகு பிரிட்டிஷ் நூலகம் தன் வடபகுதிக் கிளைக்காக இந்த இடத்தின்மீது கண் வைத்தது. ஈரத்தை ஒரு சொட்டும் வெளியே விடாமல் பிடித்துவைக்கத் தார் பூசி, மண் போட்டு, புல் வளர்த்த கூடம் அது. புத்தகங்களுக்குக் காற்று உலர்ந்திருக்க வேண்டும்.